கணக்கு சரியாக வருகிறது, புரிதல் மட்டும் வரவில்லை: தொடக்கநிலை இயற்பியல் பற்றி ஆய்வுகள் சொல்வது என்ன?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் சொற்களில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் பதினோராம் வகுப்பில் நன்றாகப் படிக்கும் மாணவர் ஒருவர், செங்குத்தாக எறியப்பட்ட பந்து எவ்வளவு உயரம் போகும், எத்தனை நொடியில் திரும்பும் என்பதையெல்லாம் சமன்பாட்டில் இட்டுப் பிழையின்றிக் கணக்கிடுகிறார். அதே பந்து உச்சியில் இருக்கும் கணத்தில் அதன் முடுக்கம் எவ்வளவு என்று வாய்மொழியாகக் கேட்டால், சற்றும் தயங்காமல் ‘சுழி’ என்கிறார். கணக்கு போட்ட தாளில் ஈர்ப்பால் வரும் முடுக்கம் பயணம் முழுவதற்கும், உச்சியிலும்கூட, 9.8 மீட்டர்/நொடி² என்று சரியாக எழுதியவரும் அவரேதான். இன்னும் நிறையக் கணக்குகளைப் போட வைத்தால் இது தானாகச் சரியாகிவிடுமா, இயற்பியல் என்பதே சிலருக்குத்தான் வருமா, இதைப் பற்றி முறையான ஆய்வு ஏதாவது உண்டா என்று மூன்றாகக் கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருப்பதாக எனக்குப் படுகிறது: கணக்கு போடத் தெரிவதும் புரிந்துகொள்வதும் ஒன்றுதானா, இல்லையென்றால் இரண்டாவதை எப்படி வரவழைப்பது?

நான் கல்லூரி முதலாண்டு மாணவர்களுக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் இயக்கவியலும் மின்னியலும் நடத்தியவன். மாணவர்கள் இயற்பியலை எப்படிக் கற்கிறார்கள் என்பதையே ஆய்வுப் பொருளாகக் கொண்ட ஒரு துறை இருப்பது, அந்தக் காலத்தில் பாதி கழிந்த பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. அந்தத் துறையில் நான் படிப்பவன் மட்டுமே, ஆய்வு செய்தவன் அல்லன். பள்ளி வகுப்பில் நின்று கற்பித்த அனுபவமும் எனக்கில்லை. ஆகவே எது உறுதியான முடிவு, எது இன்னும் விவாதத்தில் இருப்பது, எது என் சொந்தக் கருத்து என்பதைப் பிரித்துச் சொல்ல முயல்கிறேன்.

முதலில் உறுதியானது. உங்கள் மாணவர் தனி ஆள் அல்லர்; ஐம்பது ஆண்டுகளாகப் பல நாடுகளில் பதிவாகியிருக்கும் ஒரு பெருங்கூட்டத்தில் ஒருவர். பாரிஸில் லாரன்ஸ் வியனோ 1979இல் வெளியிட்ட ஆய்வும், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் லிலியன் மெக்டெர்மட்டும் டேவிட் ட்ரோபிரிட்ஜும் 1980, 1981 ஆண்டுகளில் திசைவேகம், முடுக்கம் ஆகியவற்றைப் பற்றி வெளியிட்ட கட்டுரைகளும், மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் கிளமென்ட் 1982இல் வெளியிட்ட கட்டுரையும் இந்தத் துறையின் அடித்தளம். கிளமென்ட் கேட்டது உங்கள் கேள்வியின் உடன்பிறப்பு. ஒரு நாணயத்தைச் செங்குத்தாகச் சுண்டிவிடுகிறோம், அது மேலே போய்க்கொண்டிருக்கும்போது அதன்மீது செயல்படும் விசைகளை வரைக என்றார். காற்றின் தடையை விட்டுவிட்டால் கீழ்நோக்கிய ஈர்ப்பு விசை ஒன்றுதான் உண்டு. பொறியியல் மாணவர்களில் மிகப் பெரும்பாலோர் மேல்நோக்கியும் ஒரு அம்புக்குறி வரைந்தார்கள். இயக்கவியல் பாடம் முடிந்த பிறகும் பெரும்பாலோர் அப்படியே வரைந்தார்கள். அவர்களுடைய விளக்கம் குழப்பமானதும் அல்ல. கை கொடுத்த விசை நாணயத்தோடு ஒட்டிக்கொண்டு போகிறது, மெல்ல மெல்லத் தேய்கிறது, உச்சியில் ஈர்ப்போடு சமமாகிறது, அதன்பின் ஈர்ப்பு வெல்கிறது. உச்சியில் முடுக்கம் சுழி என்று உங்கள் மாணவர் சொல்வதற்குப் பின்னாலும் இதே கதை இருக்கக்கூடும். திசைவேகம் சுழி என்பதை முடுக்கத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொண்ட எளிய காரணமாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் மருந்து வேறு என்பதால், எது என்பதை அவரிடமே பேசிக் கண்டறிய வேண்டியிருக்கும்.

அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இப்ராஹிம் ஹலூனும் டேவிட் ஹெஸ்டினஸும் 1985இல் இதை ஒரு தேர்வுத்தாளாக மாற்றினார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் 1992இல் ஹெஸ்டினஸ், வெல்ஸ், ஸ்வாக்ஹேமர் மூவரும் வெளியிட்ட ‘ஃபோர்ஸ் கான்செப்ட் இன்வென்டரி’. விசை பற்றிய கருத்துச் சோதனை என்று சொல்லலாம். இன்று புழக்கத்தில் இருக்கும் வடிவத்தில் 30 கேள்விகள். கணக்கிட வேண்டியது எதுவும் இல்லை. கனமான லாரியும் சிறிய காரும் நேருக்கு நேர் மோதினால் எது எதன்மீது அதிக விசையைச் செலுத்துகிறது என்பது போன்ற கேள்விகள்தான். அதன் வலிமை தவறான விடைகளில் இருக்கிறது. நாம் வினாத்தாள் எழுதும்போது தவறான விடைகளை ஏதோ தோன்றியபடி நிரப்புகிறோம். இங்கே அவை மாணவர்கள் தங்கள் சொந்தச் சொற்களில் சொன்னவற்றிலிருந்து எடுக்கப்பட்டவை. அதனால் இரண்டும் ஒன்றன்மீது ஒன்று சமமான விசையையே செலுத்துகின்றன என்னும் நியூட்டனின் மூன்றாம் விதியை ஒப்பிக்கத் தெரிந்த மாணவர்கூட ‘லாரிதான் அதிக விசை செலுத்தும்’ என்ற விடையின் இயல்பான தோற்றத்தில் விழுந்துவிடுகிறார். முதற்கட்ட ஆய்விலேயே இன்னொன்றும் தெரிந்தது. வகுப்பை நடத்தியவர் புகழ்பெற்ற சொற்பொழிவாளரா, சாதாரணமானவரா என்பதால் மாணவர் பெற்ற முன்னேற்றத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட மனத்தாங்கலை மறைக்க விரும்பவில்லை.

ஹார்வர்டில் 1984 முதல் கற்பித்துவந்த எரிக் மசூருக்கும் அதே மனத்தாங்கல்தான். மாணவர்கள் அவருக்கு உயர்ந்த மதிப்பீடு கொடுத்துவந்தார்கள். தேர்வுகளிலும் கடினமான கணக்குகளைச் செய்தார்கள். ஹலூன், ஹெஸ்டினஸ் கட்டுரைகளை 1990இல் படித்தவர், தம் மாணவர்களுக்கு இது பொருந்தாது என்ற நம்பிக்கையோடுதான் அந்தச் சோதனையை வைத்தார். ஒரு மாணவி எழுந்து, இந்தக் கேள்விகளுக்கு நீங்கள் கற்பித்தபடி விடை எழுத வேண்டுமா அல்லது நான் நினைக்கிறபடி எழுத வேண்டுமா என்று கேட்டதை அவர் பல இடங்களில் நினைவுகூர்ந்திருக்கிறார். இத்துறையில் எனக்குத் தெரிந்தவற்றுள் மிக நேர்மையான வாக்கியம் இதுதான். உங்கள் மாணவரும் இதைத்தான் வேறு வழியில் சொல்கிறார்: தாளில் எழுதும்போது உங்கள் இயற்பியல், வாயால் சொல்லும்போது தம்முடையது. பின்னர் மசூர் ஒரே தேர்வில் இரு வகைக் கேள்விகளைக் கேட்டுப் பார்த்தார். ஒன்று, மின்தடைகளும் மின்கலங்களும் கலந்த சுற்றில் மின்னோட்டத்தைக் கணக்கிடுவது. மற்றொன்று, சில பல்புகள் கொண்ட எளிய சுற்றில் சாவியை மூடினால் எந்தப் பல்பு பிரகாசமாகும், எது மங்கும் என்று சொல்வது. இயற்பியலர் கண்ணுக்கு எளியது இரண்டாவது. மாணவர்கள் சிறப்பாகச் செய்தது முதலாவதை.

மின்சுற்றைப் பற்றிய சான்று இயக்கவியலை விடவும் அப்பட்டமானது. மெக்டெர்மட்டும் பீட்டர் ஷாஃபரும் 1992இல் எழுதிய கட்டுரையில் ஐந்து ஒரே மாதிரியான பல்புகள் வருகின்றன. ஒரு மின்கலத்தில் ஒரு பல்பு, இன்னொன்றில் தொடர் இணைப்பில் இரண்டு, மற்றொன்றில் பக்க இணைப்பில் இரண்டு. மின்கலங்களுக்கு அகமின்தடை இல்லை. பிரகாசத்தின்படி வரிசைப்படுத்த வேண்டும். தனிப் பல்பும் பக்க இணைப்பில் உள்ள இரண்டும் சமம், தொடர் இணைப்பில் உள்ளவை தமக்குள் சமமாகவும் மங்கலாகவும் எரியும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பல்கலைக்கழக மாணவர்களில் இதைச் சரியாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர். பாடம் நடத்துவதற்கு முன்னால் கேட்டாலும் பின்னால் கேட்டாலும் இந்த எண் பெரிதாக மாறவில்லை. நான் இதை ஒவ்வொரு ஆண்டும் என் வகுப்பில் கேட்டிருக்கிறேன். ஓமின் விதியை நொடியில் எழுதுகிறவர்கள், ‘மின்கலம் ஒன்றுதானே, அது தருகிற மின்னோட்டமும் ஒன்றுதானே, இரண்டாகப் பிரிந்தால் பாதிதானே வரும்’ என்று வாதிடுவார்கள்.

இனி உங்கள் முதல் கேள்வி: அதிகக் கணக்குகள் போட்டால் சரியாகுமா? இதற்கு நேரடியாக விடை தேடிய ஓர் ஆய்வு உண்டு. தென்கொரியாவில் யூன்சூக் கிம், சுங்-ஜே பாக் இருவரும் 2002இல் வெளியிட்டது. பல்கலைக்கழக நுழைவுக்காக ஒவ்வொருவரும் 300 முதல் 2900 வரை, சராசரியாக ஏறத்தாழ 1500 பாடநூல் வகைக் கணக்குகளைப் போட்டிருந்த 27 மாணவர்களை அவர்கள் சோதித்தார்கள். சூத்திரங்களையும் கணிதத்தையும் கையாள்வதில் மாணவர்களுக்குச் சிக்கல் இல்லை. ஆனால் மேலே சொன்ன கருத்துப் பிழைகள் பலவும் அப்படியே இருந்தன. போட்ட கணக்குகளின் எண்ணிக்கைக்கும் புரிதலின் அளவுக்கும் தொடர்பு மிகக் குறைவாகவே காணப்பட்டது. ஜேஇஇ, நீட் பயிற்சி மையங்களின் அட்டைப்பெட்டி கனமுள்ள கணக்குத் தொகுப்புகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஆய்வு நினைவுக்கு வரும்.

ஆனால் இத்தோடு நிறுத்திக்கொண்டால் உங்களுக்குப் பாதி உண்மையைத்தான் சொன்னவனாவேன். 27 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. லெய் பாவும் சக ஆய்வாளர்களும் 2009இல் வெளியிட்ட ஒப்பீட்டில், பல்கலைக்கழகத்தில் அப்போதுதான் நுழைந்த சீன மாணவர்கள் அதே விசைச் சோதனையில் சராசரியாக 86 விழுக்காடு பெற்றார்கள். அமெரிக்க மாணவர்கள் ஏறத்தாழ 49. சீன மாணவர்கள் எட்டாம் வகுப்பிலிருந்து ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து இயற்பியலைப் படித்து, கணக்குகளில் கடும் பயிற்சி பெற்றவர்கள். ஆக, நீண்ட காலப் பயிற்சி ஒன்றுமே தராது என்று சொல்ல முடியாது. அதே ஒப்பீட்டில் பொதுவான அறிவியல் காரண அறிவைச் சோதிக்கும் தேர்வில் இரு நாட்டு மாணவர்களும் ஏறத்தாழ சமமாக 74 விழுக்காட்டில் நின்றார்கள் என்பது தனிக்கதை. கொரிய முடிவையும் சீன முடிவையும் எப்படிப் பொருத்துவது என்பதற்கு ஒப்புக்கொள்ளப்பட்ட விடை இருப்பதாக நான் கருதவில்லை. என் ஊகம் இது: எண்ணிக்கையை விட, கணக்கு மாணவரை எதைச் செய்ய வைக்கிறது என்பதே முக்கியம். தரவுகளைப் பார்த்து எந்தச் சூத்திரம் என்று தேடவைக்கும் ஆயிரம் கணக்குகளும், விசைப்படம் வரைந்து ஒவ்வொரு விசையையும் எந்தப் பொருள் செலுத்துகிறது என்று சொல்லவைக்கும் ஐம்பது கணக்குகளும் வேறு வேறு வேலையைச் செய்கின்றன.

இந்த ஊகத்துக்கு ஓரளவு ஆதாரம் உண்டு. மிச்சலீன் சீ, பால் ஃபெல்டோவிச், ராபர்ட் கிளேசர் மூவரும் 1981இல் வெளியிட்ட ஆய்வில், இயற்பியல் கணக்குகளை அட்டைகளில் எழுதிக் கொடுத்து ஒத்தவற்றை ஒன்றாக அடுக்கச் சொன்னார்கள். தொடக்கநிலை மாணவர்கள் சாய்தளக் கணக்குகளை ஓர் அடுக்காகவும் சுருள்வில் கணக்குகளை இன்னோர் அடுக்காகவும் வைத்தார்கள். முனைவர் பட்ட நிலையில் இருந்தவர்கள், சாய்தளமோ சுருள்வில்லோ, ஆற்றல் மாறா விதியால் தீர்ப்பவற்றை ஒன்றாகவும் நியூட்டனின் இரண்டாம் விதியால் தீர்ப்பவற்றை ஒன்றாகவும் வைத்தார்கள். மாணவர் நம்மோடு ஒரே கணக்கைப் படித்தாலும் ஒரே கணக்கைப் பார்ப்பதில்லை என்பது இதன் பொருள். விடைத்தாள் திருத்தும்போது இது வெளிப்படையாகத் தெரியும்: ‘u, a, s கொடுத்திருக்கிறார்கள், v வேண்டும், ஆகவே மூன்றாவது சமன்பாடு’ என்று எழுத்துகளைப் பொருத்திக்கொண்டே வந்து சேர்கிறவருக்கு, அந்த a, அதாவது முடுக்கம், பந்துக்கு உச்சியில் என்ன செய்கிறது என்று யோசிக்கவேண்டிய தேவையே எங்கும் எழவில்லை.

மொழியைப் பற்றியும் ஒரு சொல், கொஞ்சம் விலகல்தான் என்றாலும். வீட்டிலும் தெருவிலும் நாம் ‘வேகம்’ என்பதை விரைவுக்கும் சொல்கிறோம், அடியின் வலுவுக்கும் சொல்கிறோம். ‘அவ்வளவு வேகத்தோடு வந்து மோதினான்’ என்பதில் விசை, உந்தம், ஆற்றல் மூன்றும் கலந்தே இருக்கின்றன. ‘நிறை’ என்பது நிறுத்தல் என்ற வினையோடு உறவுடைய சொல். தமிழ்நாட்டுப் பாடநூலில் அது பொருளின் மாறாத அளவுக்கு வைக்கப்பட்டிருக்கிறது, இலங்கைப் பாடநூலிலோ அதே சொல் எடைக்கு வழங்குகிறது, மற்றதற்குத் திணிவு என்கிறார்கள். எந்த மொழியிலும் அன்றாடச் சொல்லுக்கும் பாடநூல் சொல்லுக்கும் இந்த இழுபறி உண்டு. மாணவர் பிழைக்கு மொழிதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் கொரிய மொழியிலும் அதே பிழைகள் வருகின்றன. மாணவர் ‘வேகம் இருக்கிறது’ என்று சொன்னால், எதைச் சொல்கிறார் என்று ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது.

அடுத்து வருவது விவாதத்துக்குரிய பகுதி: மாணவர் மனத்தில் இருப்பது என்ன? ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் மெக்லாஸ்கி போன்றவர்கள் 1980களின் தொடக்கத்தில், அது ஏறக்குறைய ஒரு முழுக் கோட்பாடு என்றார்கள். இயங்கும் பொருளுக்குள் ஓர் உந்து ஆற்றல் ஏற்றப்பட்டிருக்கிறது, அது தேய்ந்து தீர்கிறது என்ற கருத்து 14ஆம் நூற்றாண்டில் பாரிஸில் ழான் புரிடான் என்ற தத்துவ அறிஞர் சொன்னதை ஒத்திருக்கிறது. கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ஆண்ட்ரியா டிசெஸ்ஸா இதை மறுத்தார். அவர் 1993இல் விரிவாக எழுதியபடி, மனத்தில் இருப்பவை ஒன்றோடொன்று உறுதியாகக் கட்டப்படாத சிறு துண்டுகள்: அதிகம் முயன்றால் அதிகம் விளையும், அருகில் இருந்தால் தாக்கம் வலுக்கும் என்பன போன்றவை. அவை தம்மளவில் பிழையும் அல்ல. அடுப்புக்கு அருகே போனால் சுடுகிறது என்பது உண்மை. அதையே எடுத்துக்கொண்டு, பூமி சூரியனுக்கு அருகே வருவதால் கோடை வருகிறது என்று சொல்லும்போதுதான் பிழை. உண்மையில் பூமி சூரியனுக்கு மிக அருகே இருப்பது ஜனவரித் தொடக்கத்தில். எந்தத் துண்டு எந்தக் கேள்வியில் தூண்டப்படுகிறது என்பதே சிக்கல் என்று இந்தப் பார்வை சொல்கிறது. என் அனுபவம் டிசெஸ்ஸா பக்கம் சாய்கிறது, ஏனெனில் ஒரே மாணவர் பத்து நிமிட இடைவெளியில் ஒன்றுக்கொன்று முரணான இரண்டு விளக்கங்களைத் தருவதை நான் அடிக்கடி பார்த்திருக்கிறேன். ஆனால் துறைக்குள் இது தீர்ந்துபோன வழக்கல்ல.

பழைய எண்ணங்களை அழித்துவிட்டுப் புதியதை எழுத முடியுமா என்பதும் இதோடு சேர்ந்த கேள்வி. ஆண்ட்ரூ ஷ்டல்மன், ஜோஷுவா வால்கார்செல் இருவரும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், படித்த பெரியவர்களிடம் அறிவியல் கூற்றுகளைக் காட்டி உண்மையா பொய்யா என்று விரைந்து சொல்லச் சொன்னார்கள். சிறுவயது உள்ளுணர்வோடு முரண்படும் கூற்றுகளுக்கு, விடை சரியாக இருந்தபோதும், கூடுதல் நேரம் ஆனது. பழையது போய்விடுவதில்லை, அடக்கிவைக்கப்படுகிறது என்று அவர்கள் முடிவு செய்தார்கள். இது உண்மையானால், ஒருமுறை ‘சரிசெய்த’ மாணவர் அடுத்த மாதம் பழைய விடைக்குத் திரும்புவதைக் கண்டு நாம் எரிச்சலடைய வேண்டியதில்லை.

என்ன செய்யலாம் என்பதற்கு மிக அதிகமாகச் சுட்டப்படும் சான்று ரிச்சர்ட் ஹேக் 1998இல் வெளியிட்டது. 62 வகுப்புகள், 6542 மாணவர்கள். தொடக்கத்தில் தெரியாமல் இருந்ததில் எத்தனை பங்கை முடிவில் கற்றிருக்கிறார்கள் என்று அவர் கணக்கிட்டார். 40 மதிப்பெண்ணில் தொடங்கி 55இல் முடித்தால், சாத்தியமான 60இல் 15, அதாவது 0.25. வழக்கமான விரிவுரை நடந்த 14 வகுப்புகளில் இந்த அளவு சராசரியாக 0.23, மாணவர்கள் வகுப்பிலேயே யோசித்து, பேசி, உடனுக்குடன் திருத்தம் பெறும்படி நடந்த 48 வகுப்புகளில் 0.48. பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டெலோரியே, ஷெலூ, நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் ஆகியோர் 2011இல் ஒரு வாரச் சோதனையை வெளியிட்டார்கள். அனுபவமும் நல்ல பெயரும் உள்ள விரிவுரையாளரின் வகுப்பு ஒன்று. அனுபவம் குறைந்தவர்கள் இம்முறையில் பயிற்சி பெற்று நடத்திய வகுப்பு மற்றொன்று. வாரக் கடைசிச் சோதனையில் முதல் வகுப்பு 41 விழுக்காடு, இரண்டாவது 74.

இந்த எண்களை அப்படியே விழுங்கவும் வேண்டாம். ஹேக் பயன்படுத்திய தரவுகளில் பெரும்பகுதி ஆசிரியர்கள் தாமாக முன்வந்து அனுப்பியவை. மோசமாக முடிந்த வகுப்பின் தரவை யார் விரும்பி அனுப்புவார்கள்? இதை அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். அந்த 48 வகுப்புகளுக்குள்ளும் சில, விரிவுரை வகுப்புகளின் அளவிலேயே நின்றன. பெயரளவில் கலந்துரையாடல் நடத்தினால் போதாது. வீமன் குழுவின் சோதனை ஒரே வாரம். இத்துறையின் ஆய்வுகள் பெரும்பாலும் அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழகங்களில், கணிதத் தயாரிப்பு நன்றாக உள்ள மாணவர்களிடம் நடந்தவை என்று ஸ்டீபன் கானிம், ஷிமேனா சித் இருவரும் 2020இல் கணக்கெடுத்துக் காட்டினார்கள். இந்தியாவில் மும்பையின் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் 1974 முதல் இயங்குகிறது. சார்பியக்கம் பற்றி மாணவர்களுக்கு உள்ள கருத்துகளை அங்கிருந்தவர்கள் 1994இல் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். கருத்துப் பிழைகள் இங்கும் அதே வகையானவை என்பதற்கு இதுபோன்ற ஆய்வுகள் போதும். பொதுத்தேர்வுக்காக அறுபது பேர் நெருக்கி அமர்ந்திருக்கும் வகுப்பில் அமெரிக்க முறைகளின் பலன் அதே அளவில் கிடைக்கும் என்று மட்டும் அவற்றைக் கொண்டு சொல்ல முடியாது.

ஆயினும் இரண்டு செயல்கள் செலவில்லாதவை, சான்றும் திடமாக உள்ளவை. முதலாவது, எதையும் செய்துகாட்டும் முன் மாணவரை ஒரு விடையில் கையெழுத்திட வைப்பது. ஹார்வர்டில் கேத்தரின் க்ரவுச்சும் மசூரும் மற்றவர்களும் 2004இல் வெளியிட்டபடி, செய்முறையைச் சும்மா பார்த்தவர்கள் அதைப் பார்க்காதவர்களைவிட அதிகம் புரிந்துகொள்ளவில்லை. என்ன நடக்கும் என்று முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டுப் பார்த்தவர்களிடம்தான் முன்னேற்றம் தெரிந்தது. இரண்டாவது, கேள்வியைக் கேட்டு, எல்லோரும் விரலைக் காட்டி விடை சொல்லி, மாறுபட்ட விடை சொன்ன பக்கத்து மாணவரோடு இரண்டு நிமிடம் வாதாடவைத்து, மீண்டும் கேட்பது. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் முதல் மூன்றில் இரு பங்கினர் வரை முதலில் சரியாகச் சொல்லும் கேள்விகளில்தான் இது நன்றாக எடுபடுகிறது என்பது மசூரின் அனுபவம். யாருக்கும் தெரியாத கேள்வியில் பேசிப் பயனில்லை.

நல்ல கேள்வி எப்படி இருக்கும் என்பதற்கு, அமெரிக்காவில் பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டே ஆய்வு செய்த ஜிம் மின்ஸ்ட்ரெல் 1982இல் எழுதிய பாடத்தை நான் இன்றும் பின்பற்றுகிறேன். மேசைமேல் ஒரு புத்தகம் இருக்கிறது. மேசை அதை மேல்நோக்கித் தள்ளுகிறதா? பாதிப் பேர் இல்லை என்பார்கள். மேசை வெறுமனே குறுக்கே நிற்கிறது, அதற்கு உயிரா இருக்கிறது என்பார்கள். புத்தகத்தைக் கையில் ஏந்தச் சொல்கிறோம். கை தள்ளுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறார்கள். புத்தகங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது ஐயம் மறைகிறது. பிறகு சுருள்வில்லின்மேல் வைக்கிறோம், அது அமுங்கித் தள்ளுகிறது. பிறகு வளையும் மெல்லிய பலகை. கடைசியில் மேசையின் பரப்பில் பட்டுத் திரும்பும் ஓர் ஒளிக்கற்றையைத் தொலைவிலுள்ள சுவரில் விழவைத்து, மேசைமேல் ஏறி நின்றால் ஒளிப்புள்ளி நகர்கிறது. மேசையும் மிகக் கடினமான ஒரு சுருள்வில்தான் என்று அவர்களே சொல்லும் இடம் அது. ஒரு வகுப்பு நேரம் முழுவதும் இதற்குப் போய்விடும். பாடத்திட்டம் முடிக்க வேண்டிய நெருக்கடியில் ஒரு மணி நேரத்தை ஒரு புத்தகத்துக்காகச் செலவிடுவது எளிதல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனால் இரண்டாம் விதியில் அந்தச் செங்குத்து விசையை வைத்துப் போடும் அத்தனை கணக்குகளும் இதன்மேல்தான் நிற்கின்றன.

இப்படிக் கற்பிக்கத் தொடங்கினால் ஒரு முறையீடு வரும் என்பதையும் சொல்லிவைக்கிறேன். ஹார்வர்டில் டெலோரியே குழுவினர் 2019இல் வெளியிட்ட ஆய்வில், தாமே யோசித்துக் கற்ற வகுப்பில் மாணவர்கள் அதிகம் கற்றிருந்தார்கள், ஆனால் குறைவாகக் கற்றதாக உணர்ந்தார்கள். தெளிவான விரிவுரை கேட்டவர்கள் குறைவாகக் கற்றுவிட்டு, நிறையக் கற்றதாக உணர்ந்தார்கள். என் மாணவர்களும் ‘சார், நீங்களே சொல்லிவிட்டால் சீக்கிரம் முடியுமே’ என்று கேட்டிருக்கிறார்கள். ஆய்வகத்தைப் பற்றி ஒரு வரி: பாடத்தில் உள்ளதை உறுதிப்படுத்துவதற்கென்று நடத்தும் செய்முறை வகுப்புகளால் தேர்வு மதிப்பெண்ணில் அளவிடத்தக்க பலன் காணப்படவில்லை என்று நடாஷா ஹோம்ஸும் வீமனும் மற்றவர்களும் 2017இல் மூன்று கல்வி நிறுவனங்களில் இருந்து காட்டினார்கள். ஆய்வகமே வேண்டாம் என்று இதற்குப் பொருளில்லை. செய்முறை வகுப்பு வேறு எதற்கோ ஆனது.

இயற்பியல் சிலருக்குத்தான் வருமா என்ற கேள்விக்கு வருகிறேன். வின்சென்ட் கொலெட்டா, ஜெஃப்ரி பிலிப்ஸ் இருவரும் 2005இல் காட்டியபடி, பொதுக் காரண அறிவுத் தேர்வில் மேலிருந்த மாணவர்கள் விசைச் சோதனையிலும் அதிகம் முன்னேறினார்கள். ஆக, எல்லோரும் ஒரே இடத்திலிருந்து தொடங்குவதில்லை என்பது உண்மை. அந்தக் காரண அறிவு பிறப்பில் வந்தது, மாறாதது என்பதற்கு இந்த ஆய்வில் எந்த ஆதாரமும் இல்லை. உங்கள் மாணவரைப் பொறுத்தவரை, கணக்குகளை இவ்வளவு நேர்த்தியாகப் போடுகிறவருக்குத் திறமைக் குறைவு என்று எண்ண எனக்கு எந்தக் காரணமும் தெரியவில்லை.

அவரிடம் இதைச் செய்து பாருங்கள். பந்தின் உச்சிக்குச் சற்று முன்னும் சற்றுப் பின்னும் திசைவேகம் என்னவென்று எழுதச் சொல்லுங்கள்: 0.1 நொடி முன்னால் மேல்நோக்கி 0.98, உச்சியில் சுழி, 0.1 நொடி பின்னால் கீழ்நோக்கி 0.98 மீட்டர்/நொடி. இந்த 0.2 நொடியில் திசைவேகம் மாறியதா என்று கேளுங்கள். பிறகு, திசைவேகமும் சுழி, முடுக்கமும் சுழி என்றால் அடுத்த கணம் பந்து எங்கே இருக்கும் என்று கேட்டுவிட்டு, அவர் பேசும்வரை காத்திருங்கள். அங்கேயே தொங்கிக்கொண்டிருக்கும் என்று அவரே சொல்லி, சொன்ன வேகத்தில் தம்மைத் திருத்திக்கொள்ள வாய்ப்புண்டு. ஒரு வாரம் கழித்து, சாய்தளத்தில் மேல்நோக்கி உருட்டிவிட்ட கோலிக்குண்டு நின்று திரும்பும் கணத்தைப் பற்றிக் கேளுங்கள். அதற்கு அடுத்த வாரம் ஊசலின் கோடிப் புள்ளியைப் பற்றி. கோலிக்குண்டுக்குச் சரியாகச் சொன்னவர் ஊசலுக்கு மறுபடியும் ‘சுழி’ என்றால் வியப்படையாதீர்கள். என் வகுப்பில் முதுகலை மாணவர்களும் அந்த இடத்தில் ஒருமுறை நின்று யோசித்துவிட்டுத்தான் விடை சொன்னார்கள்.